72(டி) தவணையை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்?

கேள்வி கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கிறார், பிறந்தது ஜூன் 1973. 2023-இல் வேலை போனது. பாரம்பரிய ஐஆர்ஏ (ஓய்வுக்காலத்துக்கான தனிநபர் சேமிப்பு) கணக்கில் 5 லட்சம் டாலர் இருந்தது. 59½ வயதுக்கு முன்னால் எடுத்தால் 10 சதவீத அபராத வரி உண்டு என்பதால், அபராதத்திலிருந்து விலக்குத் தரும் வரிச் சட்டத்தின் 72(டி) பிரிவின்படி ஆண்டுக்கு 30,156 டாலர் என்று தவணை ஏற்பாடு செய்துகொண்டார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒன்று, இதுவரை மூன்று தவணை எடுத்தாகிவிட்டது. இப்போது 2026-இல் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. "இனி இந்தப் பணம் எனக்கு வேண்டாம், நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் வரி வருமா?" என்று கேட்கிறார்.

நிறுத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மூன்று ஆண்டுகளாக உங்களைத் தொடாமல் விட்ட அந்த 10 சதவீதம் வட்டியோடு திரும்பி வரும். அதனால் என் யோசனை, நிறுத்தாதீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். குறைப்பதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. அதை விளக்கும் முன், உங்களைப் போலவே "முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லும் எல்லாரும் 72(டி) தவணையில் இருப்பவர்கள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கேதான் பாதிக் குழப்பம்.

ஒருவர் 45 வயதில் அவசரத்துக்கு ஐஆர்ஏ-விலிருந்து மாதம் இரண்டாயிரம் எடுத்து, எடுத்த தொகைக்கெல்லாம் 10 சதவீதம் கட்டிக்கொண்டு வருகிறார் என்றால், அவர் நாளைக்கே நிறுத்தலாம். எந்த விளைவும் கிடையாது. கட்டியது கட்டியதுதான், திரும்பி வராது, மேற்கொண்டு எதுவும் ஏறாது. கடைசியாக எடுத்த தொகையை 60 நாளுக்குள் ஐஆர்ஏ-வில் திருப்பிப் போட்டால் அதற்கு மட்டும் வரி இல்லாமல் தப்பிக்கலாம். ஐஆர்ஏ-விலிருந்து ஐஆர்ஏ-வுக்கு இப்படிச் செய்வது 12 மாதத்துக்கு ஒரு தடவைதான். 401(கே)-யிலிருந்து (வேலை செய்யும் நிறுவனம் வழியாக வரும் ஓய்வுக் கணக்கு) எடுத்ததைத் திருப்பிப் போடுவதாக இருந்தால், நிறுவனம் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருக்கும். அந்த 20-ஐயும் கைக்காசிலிருந்து சேர்த்துப் போட்டால்தான் முழுத் தொகையும் திரும்பியதாகக் கணக்கு. கஷ்ட நிலைக்காக 401(கே)-யிலிருந்து எடுத்ததை இப்படித் திருப்பிப் போடவே முடியாது.

அதேபோல, 55 வயது ஆகும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டு, அந்த நிறுவனத்தின் 401(கே)-யிலிருந்தே எடுப்பவர்களுக்கு 10 சதவீதம் இல்லை. அவர்களும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம், ஒரு ஆண்டு அதிகமாகவும் மறு ஆண்டு குறைவாகவும் எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நிறுத்துகிறேன் பேர்வழி என்று அந்தப் பணத்தை ஐஆர்ஏ-வுக்கு மாற்றிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். ஐஆர்ஏ-வுக்கு 55 வயது விதி கிடையாது. அரசு ஊழியர்களின் 457(பி) கணக்குக்கு இந்த 10 சதவீதமே இல்லை, அதனால் அங்கே இந்தத் தலைவலியும் இல்லை.

உங்கள் விஷயம் வேறு. நீங்கள் அரசாங்கத்திடம் ஒரு வாக்குக் கொடுத்துத்தான் அபராதத்திலிருந்து விலக்கு வாங்கியிருக்கிறீர்கள். ஏறக்குறைய சமமான தவணைகளாக, இடைவிடாமல் எடுப்பேன் என்பதுதான் அந்த வாக்கு. எவ்வளவு காலம்? முதல் தவணை எடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அல்லது 59½ வயது, இரண்டில் எது பிந்தியோ அதுவரை. 50-இல் தொடங்கிய உங்களுக்கு அது டிசம்பர் 2032. 57-இல் தொடங்கியவருக்கு 62. வயது 59½ தாண்டியதும் விடுதலை என்று நினைத்துக்கொண்டு மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

ஐந்து ஆண்டு என்பதும் நாள்கணக்கு, தவணைக் கணக்கு இல்லை. 1998-இல் அமெரிக்க வரி நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், ஒருவர் ஆண்டுத் தவணை ஐந்தையும் எடுத்து முடித்திருந்தார். 59½ வயதும் தாண்டியிருந்தது. கணக்கு முடிந்தது என்று நினைத்து சில ஆயிரம் டாலர் கூடுதலாக எடுத்தார். முதல் தவணை எடுத்த தேதியிலிருந்து ஐந்து முழு ஆண்டு அப்போது ஆகியிருக்கவில்லை. ஏற்பாடு முறிந்தது என்று தீர்ப்பு வந்தது. அந்த ஐந்து ஆண்டு முடியும்வரை பொறுத்திருந்தால் போதும், ஒரு காசு கட்டியிருக்க வேண்டாம்.

வாக்கை முறித்தால் என்ன என்பது 72(டி)-யின் நான்காவது உட்பிரிவில் இருக்கிறது. முறித்த ஆண்டின் வரியோடு, முந்தைய ஆண்டுகளில் 59½ வயதுக்கு முன் எடுத்த எல்லாத் தவணைக்கும் 10 சதவீதமும், அத்தனை நாள் தள்ளிப்போனதற்கு வட்டியும் சேரும். முறித்த ஆண்டிலும் ஏதாவது எடுத்திருந்தால், 59½ ஆகவில்லை என்றால், அதற்கும் 10 சதவீதம். இங்கே ஒரு பயத்தைத் தெளிய வைத்துவிடலாம். வருமான வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. அதை நீங்கள் அந்தந்த ஆண்டிலேயே கட்டிவிட்டீர்கள். திரும்பி வருவது அபராதம் மட்டும்தான்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். மூன்று தவணை, மொத்தம் 90,468 டாலர். 10 சதவீதம் 9,046.80. வட்டி, குறைவாகக் கட்டிய வரிக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) போடும் விகிதத்தில் வரும். 2024 முழுக்க அது 8 சதவீதமாக இருந்தது, பிறகு 7-க்கு இறங்கியது. சராசரியாக 7 என்று வைத்தால், வரி தாக்கல் செய்யும் நாள்வரை உங்களுக்கு 1,000-க்கு மேல், 1,500-க்குள் வரும். ஆக, நிறுத்துவதற்கான விலை சுமாராக 10,400 டாலர். கலிபோர்னியாவில் இருந்தால் மாநிலத்துக்கென்று தனியாக 2.5 சதவீத அபராதம் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தை ஐஆர்ஏ-விலிருந்தே எடுத்துக் கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதுவும் முன்கூட்டி எடுத்ததாகிவிடும், அதற்கும் 10 சதவீதம்.

சரி, இப்போது அந்த வழி.

தவணைத் தொகையைக் கணக்கிட மூன்று முறைகள் உண்டு. கடன் தவணை போல நிரந்தரத் தொகையாகப் பிரிக்கும் முறை, ஆண்டுத்தொகைக் காரணியால் வகுக்கும் முறை, அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் கணக்கிலுள்ள இருப்பை ஆயுள் அட்டவணை எண்ணால் (அந்த வயதுக்காரருக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்ற ஐஆர்எஸ் கணக்கு) வகுக்கும் ஆர்எம்டி (குறைந்தபட்சக் கட்டாயத் தொகை) முறை. முதல் இரண்டிலும் தொகை மாறாது. மூன்றாவதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும், தொகையும் மிகக் குறைவு. உங்கள் 30,156 எங்கிருந்து வந்தது தெரியுமா? 5 லட்சம், 5 சதவீத வட்டி, 50 வயதுக்கு ஒற்றை ஆயுள் அட்டவணையில் 36.2 ஆண்டு, முதல் முறை. இதே 5 லட்சத்துக்கு ஆர்எம்டி முறையில் 36.2-ஆல் வகுத்திருந்தால் 13,812 டாலர்தான் வந்திருக்கும்.

முதல் இரண்டு முறைகளில் தொடங்கியவர், பிறகு ஒரே ஒரு தடவை ஆர்எம்டி முறைக்கு மாறிக்கொள்ளலாம், அது முறிவாகாது. இந்தச் சலுகை 2002-இல் ஐஆர்எஸ் வெளியிட்ட 2002-62 எண் தீர்ப்பில் வந்தது. 2000-க்குப் பிறகு பங்குச் சந்தை சரிந்து, கணக்கில் பணம் கரைந்துகொண்டே போக, பழைய பெரிய தொகையையே எடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காகக் கொடுத்தது. இப்போது நடப்பிலுள்ள 2022-6 எண் அறிவிக்கையிலும் அது அப்படியே தொடர்கிறது. வேலை கிடைத்தவருக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. ஏன் மாறுகிறாய் என்று காரணம் கேட்பதில்லை.

உங்கள் கணக்கில் இப்போது 4,70,000 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு உங்களுக்கு 53, அட்டவணை எண் 33.4. வகுத்தால் 14,072. முப்பதாயிரம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, அபராதம் ஒரு பைசா இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாற்றம் அந்த ஆண்டு முழுவதற்கும் பொருந்தும். அதனால் அந்த ஆண்டின் பணத்தை எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே மாறிவிட வேண்டும். உங்களுக்கு ஆகஸ்ட் தவணை என்பதால் நேரம் இருக்கிறது. மாதத் தவணைக்காரர் ஜூலையில் விழித்துக்கொண்டால், புதிய முறையின் ஆண்டுத் தொகையைவிட அதிகமாக அதற்குள்ளேயே எடுத்திருப்பார். அவர் அடுத்த ஜனவரி வரை காத்திருப்பதே நல்லது. மாறிய பிறகு பழைய முறைக்குத் திரும்ப முடியாது, மறுபடி வேலை போனாலும் அந்தச் சின்னத் தொகைதான்.

இதற்கு மேல் இன்னொரு உத்தி. 72(டி) கணக்கில் நீங்கள் ஒரு டாலர் கூடப் போடக் கூடாது. ஆனால் புது நிறுவனத்தின் 401(கே) வேறு கணக்கு, அதில் தாராளமாகப் போடலாம். 2025-க்கான வரம்பே 23,500 டாலர். 50 தாண்டியவர்களுக்கு மேற்கொண்டு 7,500. (அதிகச் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கூடுதல் பகுதி 2026 முதல் ராத் (வரி கட்டிய பிறகு போடும் பணம்) பக்கம்தான் போகும், அதில் இப்போதைக்கு வரிச் சேமிப்பு இல்லை.) ஒரு கையால் 14,072 டாலர் வெளியே வருகிறது, வருமானத்தில் சேர்கிறது. மறு கையால் அதே அளவு சம்பளத்திலிருந்து 401(கே)-க்குப் போகிறது, வருமானத்திலிருந்து கழிகிறது. வரிக் கணக்கில் இரண்டும் அடித்துப் போய்விடும். பணம் ஓய்வுக் கணக்கிலேயே இருக்கிறது, கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. எப்படியும் 401(கே)-யை வரம்பு வரை நிரப்பப் போகிறவருக்கு இது உதவாது, உண்மைதான். ஆனால் மூன்று ஆண்டு வேலையில்லாமல் இருந்தவர் எத்தனை பேர் உடனே வரம்பு வரை போடுகிறார்கள்?

இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "முறிக்கவே கூடாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆலோசகர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தவணையைத் தொடர்ந்து எடுப்பதால் வரும் நஷ்டம், கட்டும் வரி முழுவதும் இல்லை. அந்தப் பணத்துக்கு என்றைக்காவது வரி கட்டத்தான் வேண்டும். இன்று 22 சதவீதத்தில் கட்டுகிறீர்கள், ஓய்வுக்குப் பிறகு 12 சதவீதத்தில் கட்டியிருப்பீர்கள் என்றால் நஷ்டம் அந்த 10 சதவீத வித்தியாசம். (வரி இல்லாமல் வளரும் வாய்ப்பு போவதும் ஒரு நஷ்டம், ஆனால் அது இதைவிடச் சின்னது.) 2026 முதல் 2032 வரை இன்னும் ஏழு தவணை. பழைய தொகையிலேயே தொடர்ந்தால் ஆண்டுக்கு 3,016 வீதம் ஏழு ஆண்டுக்கு 21,000 டாலருக்குச் சற்று மேல். முறித்தால் 10,400. அதாவது இந்த இரண்டுக்கும் இடையில் மட்டும்தான் தேர்வு என்றால், முறிப்பதே மலிவு! ஆர்எம்டி முறைக்கு மாறினால் ஆண்டுக்கு 1,407 வீதம் 9,850 பக்கம் வரும், 401(கே) உத்தியையும் சேர்த்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம். உங்கள் வரி அடுக்கு வேறாக இருந்தால் எண்களும் வேறாகும், ஆனால் கணக்குப் போடும் விதம் இதுதான்.

இதிலிருந்து ஒன்று புரியும். முறிப்பதன் விலை ஒவ்வொரு தவணைக்கும் ஏறிக்கொண்டே போகிறது, தொடர்வதன் விலை ஒவ்வொரு தவணைக்கும் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு தவணை மட்டும் எடுத்தவர், வேலை கிடைத்ததும் 3,000 டாலர் கட்டிவிட்டு வெளியே வருவதில் தப்பே இல்லை. 58 வயதுக்காரர் எட்டு ஆண்டுத் தவணையை முறிக்க நினைத்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பேன்.

முறிவு என்று கருதப்படாத சூழ்நிலைகளும் உண்டு. கணக்கு வைத்திருப்பவர் இறந்தாலோ, எந்த வேலையும் செய்ய முடியாத அளவுக்கு நீண்டகால ஊனம் ஏற்பட்டாலோ அபராதம் கிடையாது. விதிப்படியே எடுத்து வந்து கணக்குக் காலியாகிவிட்டால் அதுவும் முறிவில்லை. விவாகரத்தில் கணக்கைப் பிரிக்கும்போது சிலருக்கு ஐஆர்எஸ் தனிக் கடிதம் மூலம் குறைத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறது, ஆனால் அந்தக் கடிதம் வாங்கியவருக்கு மட்டும்தான் செல்லும். கூடுதலாக எடுப்பதில் ஒரு வினோதம்: பிள்ளையின் கல்லூரிச் செலவுக்காக, வேறொரு விலக்கின் கீழ், தவணைக்கு மேல் எடுத்தது முறிவாகாது என்று 2009-இல் வரி நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வரி வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

தெரியாமல் முறிப்பதுதான் தெரிந்து முறிப்பதைவிட அதிகம். என்னிடம் வரி தாக்கல் செய்ய வரும் ஒருவர் மாதத் தவணைக்காரர், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பணம் வரும். ஜனவரி 1 விடுமுறை என்பதால் அவருடைய நிதி நிறுவனம் அந்தத் தவணையை டிசம்பர் 31-ஆம் தேதியே அனுப்பிவிட்டது. நல்லெண்ணம்தான். ஆனால் 1099-ஆர் படிவத்தில் (ஆண்டில் எவ்வளவு எடுத்தார் என்று நிறுவனம் கொடுக்கும் படிவம்) அந்த ஆண்டுக்குப் பதின்மூன்று தவணை, அடுத்த ஆண்டுக்குப் பதினொன்று. அவர் கவனிக்கவே இல்லை, தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தபோது எனக்குத்தான் இடித்தது. நிறுவனத்திடமிருந்து தவறு தங்களுடையது என்று கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்தோம். இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் தவணைத் தேதியை 15-க்கு மாற்றிவிட்டுத்தான் தூங்கப் போனார். கூடுதலாக வந்த தொகையைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்யலாமே என்று கேட்டார். கூடாது, திருப்பிப் போடுவதே முறிவு.

கணக்கின் ஒரு பகுதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதும் முன்பு முறிவாகத்தான் எண்ணப்பட்டது. 2022 டிசம்பரில் நிறைவேறிய செக்யூர் 2.0 சட்டம் இதைத் தளர்த்தியிருக்கிறது. 2024 முதல் மாற்றலாம், இரண்டு கணக்கிலிருந்தும் சேர்த்து அதே மொத்தத் தொகையை எடுத்து வந்தால் போதும். இருந்தாலும் தேவை இல்லாமல் அசைக்காதீர்கள்.

காகித வேலை. ஆர்எம்டி முறைக்கு மாறுவதற்கு ஐஆர்எஸ்-இடம் அனுமதி கேட்க வேண்டாம். நிதி நிறுவனத்துக்குப் புதிய தொகையை எழுத்தில் கொடுங்கள். எந்த நாளின் இருப்பு, எந்த அட்டவணை, எந்த எண் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையில் எந்த ஆயுள் அட்டவணையை எடுத்தீர்கள் என்று எழுதிய பழைய தாளும் பக்கத்தில் இருக்கட்டும். 1099-ஆர் படிவத்தின் 7-ஆவது கட்டத்தில் 2 என்ற குறியீடு இருந்தால் நல்லது. பல நிறுவனங்கள் விலக்கு இருப்பதைக் கண்டுகொள்ளாமல் 1 என்று போட்டுவிடும். அப்போது படிவம் 5329-இல் (இந்த அபராத வரிக்கான படிவம்) 02 என்ற விலக்கு எண்ணைப் போட்டு நீங்களே சொல்ல வேண்டும். முறிப்பதுதான் முடிவு என்றால், அதே படிவத்தின் 4-ஆவது வரியில் அபராதமும் வட்டியும் போகும், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற விளக்கத்தைத் தனித்தாளில் இணைக்க வேண்டும். எந்த ஆண்டில் முறித்தீர்களோ அந்த ஆண்டின் வரிப் படிவத்தோடுதான் இது போகும், பழைய ஆண்டுகளின் படிவங்களைத் திருத்த வேண்டாம்.

இன்னும் தொடங்காதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: ஐஆர்ஏ முழுவதையும் 72(டி)-க்குள் தள்ளாதீர்கள். முதலில் இரண்டாகப் பிரித்து, தேவையான தொகைக்கு எவ்வளவு இருப்பு வேண்டுமோ அதை மட்டும் ஒரு கணக்கில் வைத்துத் தவணையைத் தொடங்குங்கள். வீட்டுக் கூரை ஒழுகினாலும் கை வைப்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கும், அதில் எடுத்ததற்கு மட்டும் 10 சதவீதம், தவணை ஏற்பாடு அசையாது. இரண்டு தனித்தனி ஏற்பாடாகத் தொடங்கினால், வேலை கிடைத்ததும் ஒன்றை மட்டும் முறித்து மற்றதை விட்டுவைக்கலாம்.

உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஒரே கணக்கு. ஆகஸ்ட் தவணை தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தால் அதை இந்த வாரமே நிறுத்தி வைத்து, போன டிசம்பர் 31 இருப்பைப் பார்த்து 33.4-ஆல் வகுத்து, புதிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். ஆண்டு முடிவதற்குள் அந்தத் தொகை வெளியே வந்தாக வேண்டும், வராமல் போனால் அதுவும் முறிவுதான்.